பிரிய முடியாத பகைவர்

எண்ணெயையும் தண்ணீரையும் எத்தனை கலக்கினாலும் சற்று நேரத்தில் பிரிந்து நிற்பதை அடுக்களையில் தினமும் காண்கிறோம். இத்தகைய ஒவ்வாத இரண்டை, விலகி ஓட இயலாதபடி நுனியோடு நுனி பிணைத்துவிட்டால் யாது நேரும்?

பாலிஸ்டைரீன் விறைப்பானது, பாலிபியூட்டாடையீன் ரப்பர் இனம். ரப்பர்த் தொடரின் இரு முனைகளிலும் ஸ்டைரீன் தொடர்களைப் பிணைத்த பொருளை ஷெல் கம்பெனியார் 1965-ஆம் ஆண்டில் 'கிரேட்டன்' என்னும் பெயரால் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதனுள்ளே ஸ்டைரீன் முனைகள் ரப்பரை வெறுத்து ஒதுங்கித் தாமாகவே சிறு உருண்டைகளாகக் கூடுகின்றன. ஒவ்வோர் உருண்டையும் சில பத்து நானோமீட்டர் அளவே. ஒரு நானோமீட்டராவது மில்லிமீட்டரில் பத்து லக்ஷத்தில் ஒரு பங்கு. இவ்வுருண்டைகளே முளைகளாய் நின்று, இழுபட்ட ரப்பரை மீட்கின்றன.

கந்தகமிட்டு இறுக்கிய டயர் ரப்பரை மறுபடி உருக்கி வார்க்க இயலாது. ஆகவேதான் பழைய டயர்கள் மலைபோல் குவிகின்றன. இதுவோ, சுமார் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உருண்டைகள் இளகி, ஆறியதும் மீண்டும் கூடுகிறது. தேய்ந்த செருப்படியை உருக்கிப் புதியது வார்க்கலாம். சாலைத் தாரிலும் இதைக் கலக்கின்றனர்.

ஆச்சரியம் யாதெனில், அவ்விரண்டும் இணங்கிக் கலந்துவிட்டால் இவ்வுறுதியே இராது!