மூளைக்குள் ரத்தமா, அடைப்பா? துப்புச் சொல்லும் நம்பர்!

வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்து விட்டன. பேச்சு குழறுகிறது. வீட்டில் உள்ளவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்கள்.

டாக்டர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதா? இல்லை, குழாய் வெடித்து ரத்தம் கொட்டி விட்டதா?

இரண்டிலும் ஆள் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார். அடைப்பு என்றால் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தம் கொட்டிய ஆளுக்கு அதே ஊசியைப் போட்டால்? கசிவு வெள்ளமாகி விடும். ஆள் காலி!

இந்தக் கேசில் துப்புச் சொல்வது ஒரு நம்பர். சி.டி. ஸ்கேன் மிஷின் கொடுக்கும் நம்பர்.

தண்ணீர்தான் எடைக்கல்

சி.டி. ஸ்கேன் பிலிமை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குறுக்கே வெட்டி வைத்த முட்டைக்கோஸ் மாதிரி, கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக மண்டை தெரியும். போட்டோ என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு நம்பர் பட்டியல். தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நம்பர் போட்டு, நம்பருக்குத் தக்கபடி சாயம் பூசியிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் உள்ள சதை எக்ஸ்ரே கதிரை எவ்வளவு மடக்கிப் பிடிக்கிறது என்பதுதான் அந்த நம்பர். அடர்த்தியான பொருள் அதிகம் பிடிக்கும். லேசான பொருள் விட்டு விடும்.

நிறுத்துப் பார்க்க எடைக்கல் வேண்டுமே? இங்கே எடைக்கல் தண்ணீர்! தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. தண்ணீரை விட ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கதிரைப் பிடித்தால் பிளஸ் 1. ஒரு பங்கு குறைந்தால் மைனஸ் 1.

கொழுப்பு மைனஸ் 100 பக்கம் நிற்கும். தண்ணீரில் மிதக்கிற சரக்காயிற்றே! மூளையைச் சுற்றியுள்ள நீர் 0-க்கும் 15-க்கும் நடுவில். மூளையின் வெள்ளைப் பகுதி 20 முதல் 30. சாம்பல் பகுதி 35 முதல் 45. கெட்டி எலும்பு 1000, அதற்கும் மேலே.

உறைந்த புது ரத்தம்? பெரும்பாலும் 50 முதல் 80 வரை.

கவனித்தீர்களா? மூளைக்கும் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் முப்பது, நாற்பது நம்பர்தான். அதாவது நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு. சாதா எக்ஸ்ரேயில் இது தெரியவே தெரியாது. மண்டை ஓட்டின் நிழல் எல்லாவற்றையும் மூடி விடும்.

பட்டம் வாங்காத என்ஜினீயர்

இந்த நம்பருக்கு ஹவுன்ஸ்பீல்டு நம்பர் என்று பெயர். யார் அந்த ஹவுன்ஸ்பீல்டு?

காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு இங்கிலாந்துக்காரர். 1919-ம் ஆண்டு பிறந்தவர். விவசாயி மகன். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. இரண்டாவது உலகப் போரில் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்தார். பிறகு இ.எம்.ஐ. கம்பெனியில் சேர்ந்தார். கிராமபோன் குழாய் முன்னால் நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்குமே, அந்த எச்.எம்.வி. இசைத் தட்டை விற்றவர்கள்தான் இ.எம்.ஐ.! பீட்டில்ஸ் பாட்டில் கொட்டிய பணத்தில்தான் ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை ரொம்ப நாளாக நடமாடுகிறது. அது பாதிக் கதை. பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறையும் பணம் போட்டது.

1967-ல் ஹவுன்ஸ்பீல்டுக்கு ஒரு யோசனை. ஒரு பெட்டியைத் திறக்காமலே, எல்லாப் பக்கத்திலிருந்தும் கதிரைச் செலுத்தி அளந்தால், உள்ளே எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டு விடலாமே?

போலீஸ் விசாரணை மாதிரிதான் இதுவும். ஒரு சாட்சி சொல்வதை நம்ப முடியாது. சுற்றிலும் நின்றவர்கள் எல்லோரையும் தனித்தனியே விசாரித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒட்டிப் பார்த்தால் நடந்தது வெளியே வரும். அவருடைய முதல் தலை ஸ்கேன் மிஷின் தலையைச் சுற்றி 180 கோணத்தில் நின்று, கோணத்துக்கு 160 அளவு எடுத்தது. மொத்தம் 28,800 வாக்குமூலம்! அவ்வளவையும் ஒட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கம்ப்யூட்டர்.

அதற்கு முந்தைய சோதனையில் இருந்தது பலவீனமான கதிர். ஒரே ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் கணக்குப் போட இன்னும் இரண்டரை மணி நேரம். மனுஷன் அசரவில்லை. எக்ஸ்ரே குழாயை மாட்டினார். 9 நாள் 9 மணி நேரமாகக் குறைந்தது.

கோல்மால் செய்த பார்மலின்

சோதனைக்கு மனித மூளை ஒன்று கிடைத்தது. பார்மலினில் ஊற வைத்த மூளை. ஸ்கேன் பார்த்தால் வெள்ளைப் பகுதியும் சாம்பல் பகுதியும் பளிச்சென்று பிரிந்து தெரிந்தன. ஆகா, வெற்றி!

ஆனால் சந்தேகம் வந்தது. உயிருள்ள மனிதன் தலையிலும் இப்படித்தான் தெரியுமா? ஊற வைத்த மருந்து நம்பரை ஏற்றி விட்டிருந்தால்?

அப்படித்தான் நடந்திருந்தது. பார்மலின் வித்தியாசத்தை ஊதிப் பெரிதாக்கியிருந்தது. கசாப்புக் கடையிலிருந்து அப்போது வெட்டிய மாட்டு மூளையை வாங்கி வந்து மறுபடியும் சோதித்தார்கள். இதில் வித்தியாசம் குறைவு. இருந்தாலும் தெரிந்தது! அது தெரிந்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்னைக் கேட்டால், நோபல் பரிசில் ஒரு பங்கு அந்த மாட்டுக்குச் சேர வேண்டும்.

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி. லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரி. டாக்டர் ஜேம்ஸ் ஆம்புரோஸ் மேற்பார்வையில் ஒரு பெண்மணியின் தலை முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. மூளையின் முன்பக்கத்தில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகம். படத்தில் வட்டமாகக் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து பார்த்தால், படத்தில் இருந்த மாதிரியே உள்ளே கட்டி இருந்தது. 2003-ல் அந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டு விட்டது.

1979-ல் ஹவுன்ஸ்பீல்டுக்கு நோபல் பரிசு. கூடப் பரிசு வாங்கியவர் ஆலன் கார்மாக். தென் ஆப்பிரிக்காவில் பிறந்த இயற்பியல் நிபுணர். இந்தக் கணக்கை 1963, 1964-ம் ஆண்டுகளிலேயே எழுதி வெளியிட்டு விட்டார். ஆனால் ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லை. ஹவுன்ஸ்பீல்டு தனியாக வேறு வழியில் வந்து சேர்ந்தார்.

ஆரம்பத்தில் காற்றுக்கு மைனஸ் 500 என்று வைத்திருந்தார்கள். பிறகு இரட்டிப்பாக்கி 1000 ஆக்கினார்கள். அதுதான் இன்று உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது.

வெள்ளை எல்லாம் ரத்தம் அல்ல

மைனஸ் 1000-ல் தொடங்கி பிளஸ் 3000 வரை நம்பர் ஓடுகிறது. நம் கண்ணுக்கு அத்தனை சாம்பல் நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே மூளை பார்க்கும்போது 0 முதல் 80 வரை மட்டும் நிறம் பிரித்துக் காட்டுவார்கள். 0-க்குக் கீழே எல்லாம் கறுப்பு. 80-க்கு மேலே எல்லாம் வெள்ளை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வயதானால் மூளையில் சில இடங்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து கிடக்கும். ஆபத்து இல்லாதது. படத்தில் அதுவும் வெள்ளை, ரத்தமும் வெள்ளை. அங்கேதான் நம்பர் கை கொடுக்கிறது. டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் போடுவார். 65 என்று வந்தால் ரத்தம் என்று சந்தேகப்படலாம். 150 என்று வந்தால் சுண்ணாம்பு. ரத்தம் அவ்வளவு உயரம் ஏறாது.

சாய மருந்து ஊசி போட்டு விட்டால் ரத்தக் குழாய்களே வெள்ளையாகி விடும். குழப்பம். அதனால்தான் ரத்தக் கசிவு பார்க்க முதலில் ஊசி இல்லாமல் எடுக்கிறார்கள்.

அடைப்பு ஏற்பட்ட முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் நம்பர் அதிகம் அசையாது என்பதையும் சொல்ல வேண்டும். மூளையில் நீர் சேரச் சேரத்தான் இறங்கும். நீர் ஒரு சதவீதம் கூடினால் இரண்டு, மூன்று நம்பர் குறையும். ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்று சொல்வதைக் கேட்டு, "ஒண்ணும் இல்லையாம், வாங்க போகலாம்" என்று வீட்டுக்குக் கிளம்பி விடாதீர்கள். ரத்தக் கசிவு இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தலைமறைவு ரத்தம்

பாத்ரூமில் வழுக்கி விழுந்த பெரியவர். அப்போது எழுந்து நடந்து விட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரே தலைவலி, தடுமாற்றம். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே கசிந்த ரத்தம் நாளாக நாளாக நம்பரில் இறங்கிக்கொண்டே வரும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒரு கட்டத்தில் மூளையின் நம்பரும் ரத்தத்தின் நம்பரும் ஒன்றாகி விடும். படத்தில் ஆசாமி தலைமறைவு! மூளையின் நடுக்கோடு ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா, மடிப்புகள் அமுங்கியிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் அனுபவசாலி டாக்டர்கள் பிடிக்கிறார்கள். கடும் ரத்த சோகை உள்ளவருக்குப் புது ரத்தம்கூட இப்படி ஏமாற்றும். ரத்தத்துக்கு அடர்த்தி கொடுப்பதே சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்தானே.

தலைக்கு மட்டும் அல்ல. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால், மைனஸ் நம்பர் சரக்கு கலந்து மொத்த நம்பர் இறங்கும். பக்கத்து மண்ணீரலை விடக் கீழே போனால் சந்தேகம். சிறுநீரகக் கல் 500-க்குக் கீழே இருந்தால் அது யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த ரகத்தை மாத்திரையிலேயே கரைக்கலாம். 1000-க்கு மேலே போனால் கெட்டிக் கல். அதிர்வலைக்கு லேசில் உடையாது.

மிஷினுக்கும் சோதனை

காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரி ஸ்கேன் மிஷினையும் சோதிக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய உருளையை உள்ளே வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். 0 வர வேண்டும். நாலைந்து நம்பர் இப்படி அப்படி இருக்கலாம். அதற்கு மேல் போனால் மிஷினைச் சரி செய்த பிறகுதான் ஆள் படுக்க வேண்டும். நம் நாட்டில் சி.டி. ஸ்கேன் மிஷின் நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை தரச் சோதனையும் கட்டாயம். "கடைசியாக எப்போ செக் பண்ணீங்க?" என்று ஸ்கேன் சென்டரில் தாராளமாகக் கேட்கலாம். முறைப்பார்கள். பரவாயில்லை.

மிஷின் ஒழுங்காக இருந்தாலும் எலும்பை ஒட்டிய இடத்தில் நம்பர் தடுமாறும். ஒரு கட்டத்தில் பாதி எலும்பு, பாதி மூளை அகப்பட்டால் இரண்டுக்கும் சராசரிதான் வரும். காதுக்குப் பின்னால் உள்ள கெட்டி எலும்புகளுக்கு நடுவே கறுப்புப் பட்டை விழும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் நட்சத்திரம் மாதிரி கீற்று அடிக்கும். மின் அழுத்தத்தை மாற்றினால் ஒரே கல்லுக்கு வேறு நம்பர் வரும்.

இன்னொரு சங்கதி. பிலிமில் இந்த நம்பர் கிடையாது! அதில் இருப்பது சாயம் மட்டும்தான். நம்பர் முழுவதும் கம்ப்யூட்டர் பதிவில் இருக்கிறது. வேறு டாக்டரிடம் காட்டும்போது அவர் வட்டம் போட்டு அளக்க வேண்டும் என்றால் அந்தப் பதிவு வேண்டும். ஸ்கேன் எடுத்த இடத்திலேயே பதிவை டிஸ்க்கில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிலிமை வெயிலில் தூக்கிப் பிடித்து எத்தனை நேரம் பார்த்தாலும் 65-ஆ, 150-ஆ என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.