பாட்டிலில் எத்தனை கிராம்? வெங்காயத்துக்கு ஒரு தழைச்சத்துக் கணக்கு

"ஒரு மூட்டை யூரியாவுக்குப் பதிலா ஒரு பாட்டில் நானோ போதும்." வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வெங்காயம் வைக்க நினைக்கும் உழவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். ரசாயனத்தை விட்டு வெளியே வர நினைப்பவருக்கு இது சுலப வழியாகத் தெரியும். இறங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.

இஃப்கோ நிறுவனம் 2021இல் கொண்டுவந்த நானோ யூரியா அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து 4 விழுக்காடு. அதாவது 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம். மூட்டையில் போடுவதில் பெரும்பகுதி காற்றோடும் தண்ணீரோடும் வீணாகிறது என்பது உண்மைதான். மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குச் சேருதுன்னு வச்சுக்கிட்டாலும் அது 7 கிலோ. பாட்டில் முழுவதும் இலைக்குள் போனாலும் 20 கிராம்தான். பின்னால் வந்த 20 விழுக்காடு பாட்டிலிலும் 100 கிராமுக்கு மேல் இல்லை.

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வயலில் சோதித்தது. யூரியாவைக் குறைத்து நானோ தெளித்ததில் கோதுமை விளைச்சல் 21.6 விழுக்காடும், நெல் விளைச்சல் 13 விழுக்காடும் குறைந்தன.

இப்போ வெங்காயத்துக்கு வருவோம். சின்ன வெங்காயத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 60 கிலோ. பாதி அடியுரம், பாதி 30ஆம் நாள் மேலுரம். ஏக்கருக்கு மேலுரம் மட்டும் 12 கிலோ வருது. அந்த இடத்தைத்தான் பாட்டில் பிடிக்கணும் என்கிறார்கள். அதோடு வெங்காயத் தாள் நிமிர்ந்த குழல், மேலே மெழுகுப் பூச்சு. தெளிக்கிற தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிடும்.

"மூட்டையும் போட்டேன், நானோவும் அடிச்சேன், நல்லா வந்துச்சு" என்பவரிடம், நானோ அடிக்காத பாத்தி ஒன்று விட்டீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் விளைந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

நானோ யூரியாவும் செயற்கை உரம்தான். இயற்கை விளைபொருள் சான்று வாங்கும் வயலில் அதற்கு இடமில்லை.

அப்போ 12 கிலோவுக்கு எங்கே போறது? மண்ணிடம்தான் போகணும். வெங்காயத்துக்கு முன்னால் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள். ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம் போடுங்கள். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் அதோடு கலந்து இடலாம். நம்ம பக்கத்து மல்லாட்டைப் புண்ணாக்கில் சுமார் 7 விழுக்காடு தழைச்சத்து உண்டு; 100 கிலோவுக்கு 7 கிலோ. அது மக்கித்தான் பயிருக்குக் கிடைக்கும் என்பதால் 30ஆம் நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பஞ்சகவ்யா 3 விழுக்காடு தெளிப்பது பயிரை ஊக்கப்படுத்தத்தான். அதையும் மூட்டைக்கு மாற்றாக நினைக்காதீர்கள். பாட்டிலுக்குப் போட்ட கணக்கு இதுக்கும் பொருந்தும்.

எந்த வடிவிலும் தழைச்சத்தைப் பின்பருவத்தில் கொட்டக் கூடாது. கழுத்து தடிச்சு, காயாம, பட்டறையில் அழுகும். நெல் வயலின் களிமண்ணில் தண்ணீர் நின்றாலும் அதே கதிதான், மேட்டுப்பாத்தி அவசியம்.

புதிதாக மாறுகிறவர்கள் முழு நிலத்தையும் ஒரே பட்டத்தில் மாற்ற வேண்டாம். குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்துக்கொண்டு 10 சென்டில் தொடங்குங்கள். அறுவடையன்று ஒரு எடை, பட்டறையில் இரண்டு மாதம் இருந்தபின் ஒரு எடை. ரெண்டையும் எழுதி வையுங்க. அடுத்த பட்டத்துக்கு எதை வாங்கணும், எதை விடணும்னு அந்தக் கணக்கே சொல்லும்.