முதலில் காற்று, கடைசியில் டைல்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரில்தான், மீமுரேக்குப் போகிறவர்கள் பிரதான வீதியை விட்டுத் திரும்புகிறார்கள். இந்தப் பக்கத்து வீடுகளிலும் தங்குவிடுதிகளிலும் முன்னறையை ஒட்டி விருந்தினருக்கென்று ஒரு சிறு கழிப்பறை கட்டுவது இப்போது வழக்கமாகிவருகிறது. குளிக்கும் வசதி இராது. ஒரு கொமட், ஒரு பேசின், ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். நான்கடிக்கு ஐந்தடி இருந்தாலே பெரிது. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்ற எண்ணம் வந்தவுடன் பெரும்பாலானோர் போகும் இடம் டைல் கடை. செலவு அங்கேயே முடிந்துவிடுகிறது, அறை மட்டும் ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த அறையை மோசமாக்குவது அதன் பழைய டைல் அல்ல, அதன் அளவும் அல்ல. ஈரமும் இருட்டும்தான். அவை இரண்டையும் முதலில் சரிசெய்தால் மற்றவற்றுக்குக் கொஞ்சப் பணமே போதும்.

நக்கிள்ஸ் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை விடுவதில்லை. மழை ஓய்ந்த நாளில் மேகமே வீட்டு வாசலுக்கு இறங்கி வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். அடைத்த அறையில் அது காயாது. கூரைப்பலகையின் மூலையில் கறுப்புப் புள்ளிகளாகத் தொடங்கும் பூஞ்சணம், டைல் இடுக்குக்கும் கதவுக்கும் இறங்கும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உரிந்துதான் வரும். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வரும் சுவர்க்காகிதமும் மரத்தரையும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை வீட்டைச் சூடாக்கி உலர்த்தி வைத்திருக்கும் நாடுகளின், தண்ணீர் ஊற்றிக் கழுவாத மக்களின் அறைகளுக்கானவை. நம் கழிப்பறைத் தரை தினமும் நனையும். நனைந்தது காய வழி செய்வதே இங்கே வடிவமைப்பின் முதல் வேலை.

காற்றுக்குப் பெரிய செலவில்லை. ஈரக்காற்று மேலே போகும், அதனால் போகும் வழி கூரையை ஒட்டியும் வரும் வழி கீழேயும் இருக்க வேண்டும். கதவின் அடியை ஒரு அங்குலம் சீவிவிட்டு, மேலே ஒரு லூவர் ஜன்னல் அல்லது ஆறங்குல விசிறி வைத்தால் போதும். கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கடிக்கு ஐந்தடி, எட்டடி உயரம் உள்ள அறையில் இருப்பது 160 கனஅடி காற்று. நிமிடத்துக்கு 50 கனஅடி இழுக்கும் சிறிய விசிறிகூட மூன்று நிமிடம் சொச்சத்தில் அவ்வளவையும் வெளியே தள்ளிவிடும். வெளியே பனிமூட்டம் நிற்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதானே வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீர் குறைவு. 18 பாகை செல்சியசில் முழுக்க ஈரமேறிய காற்று, 22 பாகையில் இருக்கும் வீட்டுக்குள் வந்து சூடேறும்போது அதன் ஈரப்பதன் ஏறக்குறைய 80 வீதமாகக் குறைந்துவிடும். அது தரையை முழுக்க உலர்த்தாது, ஆனாலும் அடைபட்ட அறைக்குள் தேங்கிய காற்றைவிட எவ்வளவோ மேல். பூச்சி வரும் என்பவர்களுக்கு ஒரு துண்டு வலை போதும்.

அடுத்தது இடம். சுவரை இடிக்காமல் இடம் கிடைக்குமா என்றால், கதவில் கிடைக்கும். இரண்டரை அடிக் கதவு உள்பக்கமாகத் திறந்தால் அது சுழலும் கால்வட்டம் ஏறத்தாழ ஐந்து சதுர அடி. இருபது சதுர அடி அறையில் இது நாலில் ஒரு பங்கு. அதே கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றிவிட்டால் அத்தனையும் மீதம். முதியவர் யாராவது உள்ளே மயங்கி விழுந்தாலும் கதவைத் திறக்கலாம், அறைக்குள் கிடக்கும் அவர் உடம்பு கதவை மறிக்காது. வெளியே நடைபாதை குறுகலாக இருந்தால் இழுகதவு போடலாம். பெரிய பேசினை எடுத்துவிட்டுச் சுவரில் பொருத்தும் சிறிய பேசினையோ மூலைப் பேசினையோ வைத்தால் காலடியில் தரை தெரியும். தரை தெரியத் தெரிய அறை அகன்றதாகத் தோன்றும். கொமட்டின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமாவது இருக்க வேண்டும். அதைச் சுருக்கி அலுமாரி வைப்பவர்கள் உட்காருகிறவரின் முழங்கையைத்தான் சுருக்குகிறார்கள்.

இருட்டைப் போக்குவதற்குப் பல வழி உண்டு. தகரக் கூரையென்றால் ஒரு தகட்டை மட்டும் ஒளி புகும் தகடாக மாற்றலாம், பகலில் மின்குமிழ் தேவைப்படாது. கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் அதே வெளிச்சம் இரண்டாகும். பேசினின் அகலத்துக்கு ஒரே கண்ணாடி, கூரை நோக்கி உயரமாக இருந்தால் இன்னும் நல்லது. உச்சியில் தொங்கும் ஒற்றை விளக்கு முகத்தில் நிழல் விழச் செய்யும்; கண்ணாடியின் இரு பக்கத்திலும் கண்மட்டத்தில் விளக்கு வைத்தால் முகம் தெளியும். கடைகளில் கிடைக்கும் நீலம் கலந்த 6500 கெல்வின் மின்குமிழைவிட 3000 கெல்வின் இளமஞ்சள் வெளிச்சம், மூட்டமான ஊருக்கு இதமானது. வெளிர்நிறம் சீக்கிரம் அழுக்காகும் என்ற பயம் பலருக்கு உண்டு. கருநிறச் சுவரில் அழுக்குப் படியாமல் இல்லை, தெரியாமல்தான் இருக்கிறது. துடைக்கக்கூடிய அரைமினுக்கப் பெயின்டில் வெளிர்நிறம் பூசினால் பூஞ்சணம் தலைகாட்டும் அன்றே கண்டுபிடித்துவிடலாம்.

டைலுக்கு இதற்குப் பிறகுதான் முறை. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கும் மேல் போனபோது, கட்டடப் பொருள்களின் விலை என்ன ஆனது என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். எனவே இருப்பதைத் தட்டி எடுக்கும் முன் அது உண்மையில் பழுதா என்று பார்க்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் டைலின் இடுக்குகளைச் சுரண்டி ஈரம் உறிஞ்சாத எபொக்சி கலவையால் நிரப்பினாலே பாதித் தரை புதிதாகிவிடும். தரையில் தண்ணீர் தேங்கினால் மட்டும் மேசன் பாஸை அழைத்து வடிகாலை நோக்கிச் சரிவைத் திருத்துங்கள். புதுத் தரை போடுவதானால் வழுக்காத சொரசொரப்பான டைலே போடுங்கள். சுத்தம் செய்யும்போது ஓர் எச்சரிக்கை: ப்ளீச்சையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

யாருக்காக இந்த மாற்றம் என்ற கேள்வியை எழுப்பக் கண்டியிலேயே ஒரு முன்னோடி இருந்தார். 1918இல் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களின் பிற்பகுதியில் வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்துக்கு வரைபடம் போடுமுன், அங்கே குடியேறப்போகிறவர்களிடம் அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்தார். ஐந்தடி அறைக்கும் அதே முறை பொருந்தும். பாட்டி எழுந்திருக்கப் பிடிக்க ஒரு கைப்பிடி, பையையும் குடையையும் மாட்ட ஒரு கொளுக்கி, பெண்களுக்கு மூடியுள்ள குப்பைத்தொட்டி, சின்னப் பிள்ளைக்கு ஒரு படி: இவை நினைவில் வர வேண்டுமானால் வீட்டாரைக் கேட்டாக வேண்டும். அலங்காரமும் தூரத்திலிருந்து வரத் தேவையில்லை. ஹன நாரில் நெய்யும் தும்பர பாய்க்கலை 2021இல் யுனெஸ்கோவின் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தண்ணீர் தெறிக்காத சுவரில் அதில் ஒரு சிறு துண்டை மாட்டலாம். நார்ப் பொருள் ஆதலால், அறை உலர்ந்திருக்கிறதா என்பதையும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, லயத்தில் பலர் சேர்ந்து ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் மலையகத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். சேர்ந்து பயன்படுத்தும் அவலத்துக்குத் தீர்வு அலங்காரமல்ல, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்திய உதவியில் தோட்டங்களில் கட்டப்படும் 550 சதுர அடி வீட்டிலும் ஒரு கழிப்பறை இருக்கிறது. கதவைச் சீவுவதும், ஒரு தகட்டை மாற்றுவதும், கொளுக்கி அடிப்பதும் அங்கேதான் அதிகம் உதவும், ஏனென்றால் அந்த வீட்டில் வீணாக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. வேலையைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவர் காய்ந்தபின் பெயின்ட் பிடிக்கும். காற்று, இடம், வெளிச்சம், தரை, அலங்காரம் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கையிலுள்ள பணம் முதல் மூன்றோடு தீர்ந்துபோனாலும் குறையில்லை, அந்த அறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது.