நெத்திலி கிளப்பிய கடல் கொந்தளிப்பு – தெரியுமா உங்களுக்கு?

ஒரு சாண் நீளம்கூட இல்லாத நெத்திலி, புயல் கலக்குகிற அளவுக்குக் கடலைக் கலக்கும். தெரியுமா?

நம்பித்தான் ஆகவேண்டும்! 2018 ஜூலையில் ஸ்பெயினின் வடமேற்குக் கரையில், கலீசியாவின் பொந்தேவேத்ரா விரிகுடாவில், விஞ்ஞானிகள் இரண்டு வாரம் தங்கி நீருக்குள் நடக்கும் கொந்தளிப்பை அளந்தார்கள். பகலில் கடல் சாதுவாக இருந்தது. இருட்டினால் போதும், கொந்தளிப்பு பல மடங்கு எகிறியது. விடிந்தால் அடங்கியது. மறுநாள் இரவு மறுபடியும் அதே கதை! காற்றைப் பார்த்தார்கள், அலையைப் பார்த்தார்கள், ஓதத்தைப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. எதிரொலிக் கருவியில் பெரும் மீன்கூட்டம் தெரிந்தது. வலையை விட்டு அரித்தால் நிறைய நெத்திலி முட்டைகள்! நம்மூர் நெத்திலியின் ஐரோப்பியச் சொந்தக்காரர்கள் இரவில் கூட்டமாக வந்து முட்டையிட்டிருக்கிறார்கள். அந்தத் துள்ளலும் துழாவலும்தான் கடலை அப்படிக் கலக்கியிருக்கிறது. 2022இல் இந்த ஆய்வு வெளிவந்தது. மீன் சின்னது, அது கிளப்பும் சுழியும் சின்னது, அதனால் கடல் கலங்காது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் விரிகுடாவில் மேலே வெதுவெதுப்பு, கொஞ்சம் இறங்கினாலே குளிர் என்று நீர் மெல்லிய அடுக்குகளாக இருக்கிறது. அங்கே சின்னச் சுழியும் அடுக்கை உடைத்துவிடுகிறது. ஆழத்தில் கிடக்கும் உரச்சத்து மேலே வர, அந்த மீன்களே வழி செய்கின்றன!

கொந்தளிப்பு என்றால் அழிவு என்றே நமக்குப் பழகிவிட்டது. உண்மையில் உலகம் நடப்பதே அதனால்தான்.

சரி, சீராக ஓடும் நீர் எப்போது கொந்தளிக்கும்? 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தைக் கசியவிட்டார். மெதுவாக ஓடும்வரை சாயம் ஒற்றைக் கோடாகவே போனது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கோடு சிதறிக் குழாய் முழுக்கச் சாயம் பரவிவிட்டது! வேகம், குழாயின் அகலம், நீரின் பிசுப்பு ஆகியவற்றைச் சேர்த்து அவர் தந்த எண்தான் ரெனால்ட்ஸ் எண். குழாயில் அது ஏறத்தாழ 2,000ஐத் தாண்டினால் கொந்தளிப்பை எதிர்பார்க்கலாம். கடலிலும் வானத்திலும் அது கோடிக்கணக்கில் இருக்கும்.

இனி நான் வியந்து தீராத ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், போரை வெறுக்கும் குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி எடுக்க மறுத்தவர், பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். ஓய்வு நேரத்தில் அங்கே என்ன செய்தார் தெரியுமா? உலகத்திலேயே முதன்முறையாகக் கணக்குப் போட்டு வானிலையை முன்னறிய முயன்றார்! 1910 மே 20ஆம் தேதியின் வானிலையை எடுத்துக்கொண்டு, வெறும் ஆறு மணி நேர மாற்றத்தைக் கையாலேயே கணக்கிட்டார். விடை படுதோல்வி. காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. உண்மையில் அன்று அது அசையவே இல்லை. போரின் குழப்பத்தில் அந்தக் கையெழுத்துப் படியும் தொலைந்து, சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது! 1922இல் தோல்வியை மறைக்காமல் அப்படியே புத்தகமாக்கினார். 64,000 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வானிலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம் என்றும் எழுதினார். இன்று கைப்பேசியில் நாம் பார்க்கும் மழை முன்னறிவிப்பு அவர் வகுத்த வழியில் வந்ததுதான். தான் வேலை பார்த்த வானிலைத் துறை விமானப் படை அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையையே உதறினார்.

அதே புத்தகத்தில்தான் கொந்தளிப்பின் ரகசியத்தையும் சொன்னார். பெரிய சுழி தன் ஆற்றலைச் சின்னச் சுழிக்குக் கொடுக்கும். அது இன்னும் சின்னதற்குக் கொடுக்கும். கடைசியில் மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்து, நீரின் பிசுப்பில் சிக்கி வெப்பமாகிவிடும். 1941இல் ரஷ்யக் கணித அறிஞர் கொல்மகோரவ், எந்த அளவுச் சுழியில் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்று கணக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கடலில் சோதித்து உறுதிசெய்தவர்கள் கனடாவின் மேற்குக் கரையில் ஓதம் சீறிப்பாயும் ஒரு கால்வாயில் கப்பலோடு இறங்கிய ஆய்வாளர்கள். அந்த முடிவு 1962இல் வந்தது.

ரிச்சர்ட்சனின் இன்னொரு சோதனைக்கு என்ன கருவி தெரியுமா? கிழங்கு! ஸ்காட்லாந்தின் லாங் என்ற கடல் ஏரியில், ஹென்ரி ஸ்டாமெல் என்ற இளைஞரோடு சேர்ந்து, பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை இரண்டிரண்டாக மிதக்கவிட்டார். வெளுத்த கிழங்கு கண்ணுக்குத் தெரியும். நீரோடு நீராக அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. இரண்டு துண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, அவ்வளவு வேகமாக இன்னும் விலகின! காற்றில் புகையும் பலூனும் சிதறுவதை வைத்து 1926இல் அவர் கண்ட அதே விதி கடலிலும் செல்லும் என்று அந்தக் கிழங்குகள் காட்டின. 1948இல் அது கட்டுரையாக வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்தால்தான் அறிவியல் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மழை பெய்வதே கொந்தளிப்பின் தயவில்தான், தெரியுமா? மேகத்தில் இருக்கும் ஒரு துளி 0.02 மில்லிமீட்டர். நம் தலையில் விழும் மழைத்துளி 2 மில்லிமீட்டர். அகலத்தில் நூறு மடங்கு என்றால் கொள்ளளவில் 10 லட்சம் மடங்கு! அதாவது 10 லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. நீராவி படிந்து படிந்து துளி பெருக வேண்டுமென்றால் அதற்கு வெகு நேரம் ஆகும். எல்லாத் துளியும் ஒரே அளவில் இருந்தால் ஒரே வேகத்தில் இறங்கும், ஒன்றோடொன்று மோதவும் மோதாது. ஆனால் அரை மணி நேரத்தில் மேகம் திரண்டு கொட்டித் தீர்ப்பதை நாம் பார்க்கிறோமே! மேகத்துக்குள் சுழலும் காற்று துளிகளைச் சுழிகளுக்கு வெளியே வீசி, ஓரங்களில் குவித்து, மோதவிட்டு, ஒட்டவைக்கிறது என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கம். அடுத்த மழையில் நனையும்போது நினைத்துப் பாருங்கள்.

நம் தலைக்கு மேலே இன்னொரு அதிசயம் ஓடுகிறது! ஜூலை, ஆகஸ்டில் தரையில் மேற்கிலிருந்து காற்று வீசும். சென்னைக்கு நேர் மேலே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு காற்றாறு, அதாவது ஜெட் காற்று, ஆப்பிரிக்காவை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும்! அதைக் கண்டு 1950களில் உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். ஜப்பானுக்கு மேலே எதிர்த்திசையில் ஓடும் ஜெட் காற்றை அதற்கு முன்பே பலூன் விட்டு அளந்தவர் வாசபுரோ ஓய்ஷி. உலகமே படிக்கட்டும் என்று 1926இல் அதை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை! இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அந்தக் காற்றிலேயே 9,000க்கும் மேற்பட்ட வெடிகுண்டு பலூன்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஓரிகன் மாநிலத்தில் ஆறு பேர் அதில் இறந்தார்கள்.

ஜெட் காற்றின் விளிம்பில் மேகமே இல்லாத தெளிந்த வானத்தில் விமானம் குலுங்குவதும் உண்டு. வட அட்லாண்டிக்கில் இப்படிப்பட்ட கடும் குலுக்கல் 1979க்கும் 2020க்கும் இடையே 55 சதவீதம் கூடியிருக்கிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் 2023இல் கணக்குக் காட்டியது. பூமி சூடாவதும் ஜெட் காற்று மாறுவதும் பின்னணி. இருக்கையில் இருக்கும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள், எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தாலும் சரி!

கடலுக்குள்ளேயும் அலை அடிக்கும், தெரியுமா? 1893இல் துருவப் பயணி நான்சனின் ஃப்ராம் கப்பல் சைபீரியக் கரையோரம் போனபோது, எந்திரம் ஓடிக்கொண்டிருந்தும் கப்பல் நகரத் திணறியது. மேலே பனி உருகிய நன்னீர், கீழே கனத்த உப்புநீர். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அலைகளை எழுப்பியே கப்பலின் ஆற்றல் தீர்ந்துபோனது! 1904இல் கடலியல் அறிஞர் எக்மன் அந்தப் புதிரை விடுவித்தார். அந்தமான் கடலில் ஓதம் தீவுகளுக்கிடையே மேடு தாண்டும்போது இப்படி எழும் உள்ளலைகள் 60 மீட்டருக்கும் மேல். தென்சீனக் கடலில் 200 மீட்டரைத் தாண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்கூட அந்த உயரம் வராது! மேலே மிதக்கும் படகுக்குத் தெரிவதெல்லாம் நீரின் மேல் ஒரு சலசலப்புப் பட்டை மட்டும்.

ஆழ்கடல் அசையாது கிடக்கும் என்றும் நெடுங்காலம் நம்பினார்கள். ஜான் ஸ்வாலோ என்ற ஆங்கிலேயர் அலுமினியச் சாரக் குழாய்களில் ஒலிக்கருவி பொருத்தி, ஆழத்தில் மிதக்கும்படி எடை பார்த்து இறக்கினார். 1959–60இல் பெர்முடாவுக்கு அருகே அவற்றைப் பின்தொடர்ந்தால், எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஆளுக்கொரு திசையில் ஓடின! நூறு கிலோமீட்டர் அகலச் சுழிகள் கடலடியிலும் உருள்கின்றன என்று அதன் பிறகே புரிந்தது. இன்றைய கணக்கில் கடலோட்டத்தின் ஆற்றலில் பெரும்பங்கு இந்தச் சுழிகளிடம்தான். ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு பெரும் சுழி எழுந்து குளிர்ந்த நீரை மேலே இழுத்து வருகிறது. ஆய்வாளர்கள் அதை ‘இலங்கைக் குவிமாடம்’ என்றே அழைக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே நம் வங்கக் கடல் தனி ரகம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர், மழைநீரோடு சேர்ந்து, உப்புநீரின் மேல் மூடியாகப் படிந்துவிடுகிறது. எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த மூடியைக் கிழித்து அடிநீரை மேலே கொண்டுவருவது கடினம். அரபிக் கடலில் பருவக்காற்று கலக்கிக் கலக்கிக் குளிரவைக்கிறது, மீன் பெருகுகிறது. வங்கக் கடலிலோ மேல்நீர் 28 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது. மழைமேகத்துக்கும் புயலுக்கும் அந்தச் சூடுதான் தீனி. கொந்தளிப்பு குறைந்ததால் வரும் ஆபத்து இது! புயல் எச்சரிக்கை துல்லியமாக வேண்டுமென்றால், நீருக்கடியில் அந்த மெல்லிய கலப்பை அளந்தே ஆகவேண்டும். 2016 ஜூலையில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிந்து சாதனா கப்பலில் வங்கக் கடலின் தென்பகுதிக்குப் போய் அளந்தார்கள். இப்படிப் பத்து மடங்கு வேலை நடக்க வேண்டும்.

இத்தனை அளந்தும் கொந்தளிப்பின் கணக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அண்டத்தை அளந்த வானியற்பியலாளர் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், அவரும் 1940களின் கடைசியில் கொந்தளிப்பைத் தீர்க்க இறங்கினார். அவர் உட்பட யாராலும் முடியவில்லை! நீரும் காற்றும் ஓடும் விதத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. முப்பரிமாணத்தில் அதன் விடை எப்போதும் உடையாமல் சீராக இருக்குமா என்பது மட்டும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்!