சிறகு குறைந்த தாய்

மழைக்கால இரவுகளில் நம் வீட்டு விளக்கை நாடி, பெருங்கொசுவைப் போன்ற பூச்சியொன்று வருவதுண்டு. நூல்போல் நெடிய கால்கள், மெலிந்த உடல். குழந்தைகள் கண்டு அஞ்சுவர். ஆயின் அது கடிப்பதுமில்லை, இரத்தம் உறிஞ்சுவதுமில்லை. அதன் நெடுங்காலைக் கண்ட ஆங்கிலேயர் கொக்கின் பெயரையே அதற்குச் சூட்டினர். நாமும் அதைக் கொக்கு ஈ என்றே அழைப்போம். உலகில் இதுவரை 15,000க்கும் மேற்பட்ட கொக்கு ஈ வகைகள் அறியப்பட்டுள்ளன.

இவற்றுள் பெரும்பாலானவை பறப்பவையே. எனினும் சில வகைகளில் பெண்ணின் சிறகு மட்டும் குறுகியிருப்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் தோன்றும் டிப்புலா பகானா என்னும் வகையைப் பாருங்கள். ஆணுக்கு முழுச் சிறகு உண்டு. பெண்ணுக்கோ பறக்க உதவாத சிறு துண்டுகளே உள்ளன. அது புல்லிடையே நடந்து திரிகிறது. ஆண்தான் அதைத் தேடி வரவேண்டும்.

இக்குறை ஏன்? குளிர்காலத்தில் பறப்பது அரிது. சிறகை இயக்கும் தசைக்கு வெப்பம் வேண்டும். அன்றியும், சிறகையும் தசையையும் வளர்க்க உணவு செலவாகும். அச்செலவு மிஞ்சினால் முட்டைகளுக்கு ஆகும் என்பர் அறிஞர்.

1816ஆம் ஆண்டில் டால்மன் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கியோனியா என்று பெயரிட்ட பனி ஈயில் இதனைத் தெளிவாகக் காணலாம். இதில் ஆண், பெண் இரண்டுக்குமே சிறகு இல்லை. உறைபனியின்மீது, பூஜ்யத்துக்குக் கீழான குளிரிலும் இது நடமாடுகிறது. பறக்கும் தசைகள் இருந்திருக்க வேண்டிய இடம் பெண்ணின் உடலில் முட்டைகளுக்குப் பயன்படுகிறது. பறக்கும்போது உடலை நிலைநிறுத்தும் சிறு குமிழ்கள் மட்டும், முன்னோர் பறந்ததற்குச் சாட்சியாக இன்றும் எஞ்சியுள்ளன.

இறைவனின் படைப்பு எத்துணை நுட்பமானது! ஆயினும் இதிலிருந்து தவறான பாடம் கற்றுவிடலாகாது. 'தாய் என்றால் சிறகை இழக்கத்தான் வேண்டும். பூச்சியே அதற்குச் சான்று' என்று எவரேனும் கூறின், அதை நாம் ஏற்பதற்கில்லை. பூச்சி எதையும் தேர்ந்து விடுவதில்லை. பல தலைமுறைகளில் அதன் உடல் அவ்வாறு அமைந்துவிட்டது. மனிதத் தாயோ உள்ளமும் விருப்பமும் உடையவள். அவள் மனமுவந்து அளிப்பது தியாகம். அவளைக் கேளாமல் நாம் கொய்துகொள்வது அநீதி.

நம் இல்லங்களில் படிப்பை நிறுத்திய தாய்மார் உண்டு. பாடுவதை மறந்தவர்கள் உண்டு. பிறந்த ஊரையே காணாது ஆண்டுகள் கழித்தவர்களும் உண்டு. அவற்றில் அவர்களாக விட்டது எது, நமக்காக விடநேர்ந்தது எது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், சற்றே அமர்ந்து கேட்போம்: “அம்மா, நீங்கள் விட்டவற்றுள் எதையேனும் இனி நாங்கள் திருப்பித் தரக்கூடுமா?” விடை சிறிதாயினும், அதைச் செய்து முடிப்போமாக!