வினையின் வேகமும் அதன் எல்லையும்

தில்லியில் தை மாதக் குளிரில் இட்டலிக்கு மாவு அரைத்து வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. சென்னையில் இரவு கரைத்து வைத்த மாவு விடியுமுன் பொங்கி நிற்கும். தில்லியிலோ மறுநாள் நண்பகல் ஆகியும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்தால்தான் சிறிது வழிக்கு வரும். அரிசியும் உளுந்தும் அவையே. மாறியது வெப்பநிலை ஒன்றே. மாவைப் புளிக்கச் செய்வன நுண்ணுயிர்கள் என்பது மெய்யே. ஆயினும் அவற்றினுள் நடப்பனவும் இரசாயன வினைகளேயன்றி வேறல்ல.

ஒரு வினை நிகழ வேண்டுமாயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். மோதினால் மட்டும் போதாது. பழைய பிணைப்புகள் தளர்வதற்கு வேண்டிய ஆற்றலுடன் மோத வேண்டும். இடையில் ஒரு மேடு இருப்பதாகவும், அதைக் கடக்க வல்ல மூலக்கூறுகளே மறுபுறம் சேர்வதாகவும் கொள்ளலாம். வெப்பநிலை உயர்ந்தால் மேட்டைக் கடக்க வல்லவற்றின் தொகை விரைந்து பெருகும். 10 டிகிரி உயர்வுக்கு வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது, பல வினைகளுக்குப் பொருந்தும் தோராயமான விதி.

இது வேகத்தைப் பற்றிய செய்தி. வினை எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு கேள்வி. மாணவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதால்தான் இப்பாடம் கடினமாகத் தோன்றுகிறது.

பல வினைகள் இரு திசைகளிலும் செல்ல வல்லவை. இவற்றை மீள் வினைகள் என்பர். தொடக்கத்தில் முன்னோக்கிய வினை விரைந்து நிகழும். விளைபொருள் சேரச் சேரப் பின்னோக்கிய வினையும் வலுப்பெறும். இரண்டின் வேகமும் ஒன்றாகும் கட்டத்தைத் தமிழில் சமநிலை என்கிறோம். இந்திப் பாடநூலில் நம் பிள்ளைகள் 'சாம்யாவஸ்தா' என்று படிக்கிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்களில் ஒரு குறை புலப்படுகிறது. 'நிலை' என்றும் 'அவஸ்தை' என்றும் கேட்டவுடன், எல்லாம் ஓய்ந்து அடங்கிவிட்டதாக மனம் எண்ணிக் கொள்கிறது. உண்மை அதுவன்று.

சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் இரயிலை நினைத்துப் பாருங்கள். நாகபுரியில் ஒரு பெட்டியிலிருந்து இருபது பேர் இறங்குகின்றனர். இருபது பேர் ஏறுகின்றனர். பெட்டியில் உள்ளோரின் எண்ணிக்கை மாறவில்லை, முகங்கள் மாறிவிட்டன. இரசாயனச் சமநிலையும் இத்தகையதே. அளவுகள் மாறாதிருக்கும், வினைகள் இருபுறமும் ஓயாது நடந்து கொண்டிருக்கும்.

வேகமும் எல்லையும் நேருக்கு நேர் மோதிய வரலாறு ஒன்று உண்டு. அதுவே அம்மோனியாவின் வரலாறு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். எனினும் பயிர்கள் அதை நேராக உண்ண இயலாது. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கூட்டி அம்மோனியாவாக்கினால் உரம் கிடைக்கும். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு பங்கு அம்மோனியா ஆகும். அப்போது வெப்பம் வெளிப்படும்.

சமநிலைக் கணக்கை மட்டும் பார்த்தால், அறை வெப்பநிலையிலேயே இவ்வாயுக்களின் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறிவிட வேண்டும். ஆனால் கலவையை ஆண்டுக்கணக்கில் மூடி வைத்தாலும் பயனில்லை. நைட்ரஜன் அணுக்கள் இரண்டும் மூன்று பிணைப்புகளால் இறுகப் பற்றியுள்ளமையால் மேடு மிக உயரமானது. சரி, சூடாக்கினால் என்ன? வேகம் வரும், விளைச்சல் போய்விடும். அம்மோனியா மீண்டும் பிரிந்து போவதற்கு ஏற வேண்டிய மேடு இன்னும் உயரமாதலின், வெப்பம் பின்னோக்கிய வினையையே மிகுதியாக விரைவுபடுத்துகிறது. 200 வளிமண்டல அழுத்தத்தில் சமநிலைக் கலவையில் உள்ள அம்மோனியா 300 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 63 சதவிகிதம், 400-இல் 36, 500-இல் 18, 600-இல் 8 மட்டுமே.

அழுத்தத்தைக் கூட்டுவது ஒரு வழி. நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குவதால், அழுத்தம் அம்மோனியாவின் பக்கம் துணை நிற்கும். சமநிலையைக் கலைத்தால் அது கலைப்பின் விளைவைக் குறைக்கும் திசையில் நகரும் என்ற விதியை 1884-இல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் லெ ஷாத்தலியே, 1901-இல் தாமே இதைச் செய்து பார்த்தார். கருவியினுள் காற்று கலந்திருந்தமையால் அது வெடித்துச் சிதறியது. அவர் முயற்சியைக் கைவிட்டார். விதியை வகுத்தவருக்கே அதன் பயன் கைநழுவிப் போனதைப் பிற்காலத்தில் எண்ணி வருந்தினார்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர், 1909 ஜூலையில் ஆஸ்மியம் என்னும் அரிய உலோகத்தை வினையூக்கியாக வைத்து, உயர் அழுத்தத்தில் அம்மோனியா துளித்துளியாக வடிவதைக் காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றார். அவர் பட்ட பாடு சிறிதன்று: அந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதன் கரியைக் கவர்ந்து கொண்டு கலத்தையே பிளந்துவிட்டது. உட்சுவரை மென்மையான இரும்பால் அமைத்து அதை வென்றார். அவருடன் பணியாற்றிய மிட்டாஷ், ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின்னர், சிறிது அலுமினாவும் பொட்டாசியமும் கலந்த இரும்பே ஏற்ற வினையூக்கி எனக் கண்டார். 1913-இல் ஒப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு மூண்ட முதல் உலகப் போரில் இதே அம்மோனியா வெடிமருந்துக்கும் மூலப்பொருளாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

வினையூக்கி விளைச்சலைக் கூட்டும் என்று மாணவர் பலர் தேர்வில் எழுதி மதிப்பெண் இழக்கின்றனர். வினையூக்கி மேட்டின் உயரத்தைக் குறைக்கிறது. அதையும் இருபுறத்தார்க்கும் ஒரே அளவாகக் குறைக்கிறது. ஆகவே சமநிலை விரைவில் எட்டப்படுமே தவிர, அதன் இடம் இம்மியும் நகராது. ஆயின் அதனால் என்ன இலாபம்? வினையூக்கி இருப்பதால் ஆலையைக் குறைந்த வெப்பத்தில் ஓட்ட முடிகிறது; குறைந்த வெப்பம் விளைச்சலைக் காக்கிறது. இரும்பு வினையூக்கிக்கு ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி வரை வேண்டும். அதற்குக் கீழே அது மந்தமாகிவிடும். ஆதலால் ஆலைகள் கொண்டது ஒரு சமரசமே: போதிய வேகம், பொறுக்கத்தக்க விளைச்சல்.

ஒரு முறை வினைக்கலத்தைக் கடக்கும் வாயுவில் சிறுபகுதியே அம்மோனியாவாகிறது. வெளிவரும் கலவையைக் குளிர்வித்தால் அம்மோனியா திரவமாகப் பிரியும். எஞ்சிய வாயுக்கள் மறுபடியும் கலத்துக்கே அனுப்பப்படும். விளைபொருளை எடுத்துக் கொண்டே இருப்பதால், வினை தன் எல்லையைத் தேடி மீண்டும் மீண்டும் முன்னேறுகிறது.

நம் நாட்டில் தன்பாதுக்கு அருகே சிந்திரியில் 1951 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய உரத் தொழிற்சாலை, இம்முறையில் பெற்ற அம்மோனியாவைக் கொண்டே அம்மோனியம் சல்பேட்டு உரத்தை உண்டாக்கியது. பஞ்சத்தின் நினைவு ஆறாத நாள்கள் அவை. 2002-இல் அவ்வாலை மூடப்பட்டது. அங்கேயே எழுந்த புதிய யூரியா ஆலை 2024 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அம்மோனியாவும் கரியமில வாயுவும் கூடி யூரியா ஆவதும் ஒரு மீள் வினையே. அங்கும் மாறாது எஞ்சிய வாயுக்களைத் திரும்பச் செலுத்துகின்றனர்.