பலகைக் கணக்கில் அகப்படாத பால்மரம்

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு 1970கள் வரை விறகு மதிப்புதான். ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகையிலும் செங்கல் சூளையிலும் எரிந்துபோனது. மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப்போட்ட சில நாளிலேயே பலகையில் நீலம் பாயும். வண்டு துளைத்த இடத்தில் மாவு கொட்டும். அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகே அது மேசை நாற்காலி மரமானது. கெப்போங் வன ஆய்வு நிலையத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இப்படிப் பலகையான மரம் கணக்கில் எங்கே வருகிறது? உலக வணிகத்தில் அகன்ற இலை மரங்கள் எல்லாமே கடின மரக் கணக்கில் சேரும். ஆகவே பால்மரம் எனும் ரப்பர் மரத்தின் பலகையும் அதில்தான் வருகிறது. இனி, அமெரிக்காவும் சீனாவும் ஆண்டுதோறும் இறக்குமதி செய்யும் கடின மரப் பலகையின் மதிப்பை அருகருகே வைத்துப் பாருங்கள். அமெரிக்காவுக்கு நம் பால்மரம் அவ்வளவாகத் தேவையில்லை என்றே தோன்றும். அது தவறு. மலேசிய மர அறைகலனை அதிகம் வாங்கும் நாடே அமெரிக்காதான். அந்த அறைகலனில் பெரும்பகுதி பால்மரம். ஆனால் சுங்கப் பதிவில் அறுத்த பலகை 44ஆம் அத்தியாயம், அறைகலன் 94ஆம் அத்தியாயம். நாற்காலியாகப் போன மரம் பலகைக் கணக்கில் வராது. சீனா பலகையாகவே வாங்குகிறது, அதுவும் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து. மலேசியாவோ உள்ளூர் அறைகலன் ஆலைகளுக்கு மரத் தட்டுப்பாடு வரக் கூடாதென்று 2017 ஜூலை 1 முதல் பால்மரப் பலகை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஒரே வகை மரம் ஒரு நாட்டின் பலகைக் கணக்கை ஏற்றுகிறது. இன்னொரு நாட்டின் கணக்கில் தலைகாட்டுவதே இல்லை.

அடுத்த சிக்கல் பணம். 1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2.50 ரிங்கிட். 1998 செப்டம்பரில் 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டு 2005 ஜூலை வரை அப்படியே இருந்தது. 380 ரிங்கிட் விலையுள்ள பலகை முன்பு டாலரில் 152. பிறகு வெறும் 100. ஒரு பலகைகூடக் குறையாமல் டாலர் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடும். அதைப் பார்த்து ஆலைகள் படுத்துவிட்டன என்று எழுதினால் அநியாயம். கப்பல் கட்டணமும் உண்டு: சீனா இறக்குமதி மதிப்பில் சரக்குக் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்க்கிறது, அமெரிக்கச் சுங்க மதிப்பில் இவை சேராது. 2021இல் கட்டணம் எகிறியபோது இந்த வேறுபாடு இன்னும் விரிந்தது. அதனால் டாலரை மட்டும் பார்க்காமல், எத்தனை கனமீட்டர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

இவ்வளவு பார்த்தும் இறக்குமதிக் கணக்கில் தெரியாத ஒன்று, மரம் எந்தத் தோட்டத்திலிருந்து, எப்படி வருகிறது என்பது. பால்மரத்தைப் பெரும்பாலும் பலகைக்காக வளர்ப்பதில்லை. பால் வெட்டி முடிந்து, நட்டு 25, 30 ஆண்டானதும் மறுநடவுக்குச் சாய்க்கும்போதுதான் பெரும்பாலும் மரம் கிடைக்கும். அங்கே மீண்டும் ரப்பர் நட்டால் அடுத்த தலைமுறைக்கும் மரம் உண்டு. செம்பனை நட்டால் அத்துடன் முடிந்தது. செம்பனைத் தண்டு அறைகலனுக்கு ஏற்ற கடின மரமல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் கோல சிலாங்கூரின் தென்னமாரத்தில் தொடங்கியது. பிறகு சுற்றுவட்டாரத்தில் ரப்பர் நின்ற நிலம் பலவும் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. அந்த மாற்றத்தில் சாய்ந்த மரம் ஒரே ஒரு முறை கிடைத்த வரவு.

எந்த நிரையில் எந்த ஆண்டு மரம் சாய்த்தார்கள், அங்கே அடுத்து என்ன நட்டார்கள் என்பது எந்தச் சுங்கப் பதிவிலும் இல்லை. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் பால் வெட்டிய பெரியவர்கள் அதை அறிவார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் கேட்டு எழுதி வையுங்கள்.